பன்றிக் காவலனும் பழங்கதையும்

ஒரு நாட்டின் பழங்கதையைப் பிறிதொரு நாட்டு எழுத்தாளன் எடுத்தாளும்போது, அக்கதைக்கு அவன் எந்த அளவு கடமைப்பட்டவன் என்பது திறனாய்வுலகில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினா. மூலத்தை மாற்றினால் பழி. மாற்றாமல் எழுதினால் புதிதாக என்ன செய்தாய் என்ற கேள்வி. பெரியோர்க்கென எழுதப்படும் காப்பியங்களிலும் புதினங்களிலும் இவ்வினாவை நாம் பலகாலும் எழுப்பியுள்ளோம். ஆனால் பன்னிரண்டு முதல் பதினாறு அகவை வரையிலான இளையோர் விரும்பிப் படிக்கும் மாயக்கதைகள் என்றால், அவற்றைத் திறனாய்வுக்கு உரியனவாகவே கருதாமல் ஒதுக்கிவிடுகிறோம். மாணவர் பருவத்தில் உள்ளத்தில் பதியும் கதைகளே பிற்காலத்தில் அவர்தம் மதிப்பீடுகளுக்கு அடிப்படையாகின்றன என்பதை அறிந்த ஆசிரியர்கள் இவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. அமெரிக்க எழுத்தாளர் லாயிட் அலெக்சாண்டர், வேல்ஸ் நாட்டுக் கெல்டியத் தொன்மங்களைத் தழுவி எழுதிய 'பிரிடெய்ன்' கதைத்தொடரை இக்கட்டுரை அந்நோக்கில் ஆராய்கிறது.

பிலடெல்பியா நகரில் 1924-ஆம் ஆண்டு பிறந்து 2007-இல் மறைந்த அலெக்சாண்டர், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்து வேல்ஸ் நாட்டில் சிலகாலம் பயிற்சி பெற்றவர். பின்னர் பிரான்சுக்குச் சென்று, பாரிஸ் மாநகரில் கல்வி பயின்று, அந்நாட்டுப் பெண்மணியையே மணந்து தாயகம் திரும்பினார். வேல்ஸின் கோட்டைகளும் மலைகளும் அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. 1963-இல் வெளிவந்த சிறுவர் நூலொன்றில் வேல்ஸ் பற்றிய ஒரு பகுதியைச் சேர்க்க எண்ணி ஆராயத் தொடங்கியவர், கிடைத்த செல்வத்தின் அளவைக் கண்டு அதனைத் தனி நூலுக்கென ஒதுக்கிவைத்துவிட்டு, அவ்விடத்தில் அயர்லாந்தைப் பற்றி எழுதினார். ஒதுக்கிவைத்த செல்வமே ஐந்து நூல்களாக விரிந்தது. 'மூன்றின் நூல்' 1964-இலும், 'கரிய கொப்பரை' 1965-இலும், 'லீர் கோட்டை' 1966-இலும், 'அலைந்து திரிந்த தாரன்' 1967-இலும், 'பேரரசன்' 1968-இலும் வெளிவந்தன. இறுதி நூல் 1969-இல் நியூபெரி பதக்கம் பெற்றது.

கதையின் நடுநாயகமாக விளங்குபவன் தாரன் என்னும் சிறுவன். பெற்றோர் யாரென அறியாதவன். முந்நூற்று எழுபத்தொன்பது அகவை நிரம்பிய தால்பென் என்னும் மாயவித்தகரின் பண்ணையில், கோல் என்னும் முதிய வீரரின் மேற்பார்வையில் வளர்கிறான். அவன் வகிக்கும் பதவி 'துணைப் பன்றிக் காவலன்'. அப்பண்ணையில் உள்ள ஹென் வென் என்னும் வெண்பன்றி குறிசொல்லும் ஆற்றல் வாய்ந்தது. அது அஞ்சி ஓட, அதனைத் தேடி இவன் காட்டுக்குள் ஓட, கதை தொடங்குகிறது.

பன்றிக் காவலன் என்றதும் நம் மாணவர் சிரிப்பர். ஆசிரியரும் சிரிப்பையே ஓரளவு எதிர்பார்க்கிறார். எனினும் மூலத்தை அறிந்தார்க்கு இங்கே நகைப்பினும் மேலான ஒரு நயம் புலப்படும். வேல்ஸ் மொழியின் பழைய மும்மை வாக்குகளில், ஆற்றல் மிக்க பன்றிக் காவலர் மூவரின் பெயர்கள் கூறப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவன் தால்பெனின் பன்றியைக் காத்த கோல். மற்றொருவன் பிரிடேரி என்னும் அரசகுமாரன். பன்றி அந்நாட்டுத் தொன்மத்தில் இழிந்த விலங்கன்று. ஆனூன் என்னும் மறு உலகத்திலிருந்து மண்ணுலகுக்குப் பரிசாக வந்தது அது. அதன்பொருட்டுப் போரே மூண்டது. ஹென் வென் சென்ற இடங்களில் கோதுமை மணியையும் தேனீயையும் வாற்கோதுமையையும் ஈன்றதாக அம்மும்மை வாக்கு கூறும். ஆகவே தாரனின் பதவியைக் கேலியாகப் பேசும் கதைமாந்தர் அறியாத ஒன்றை, பழங்கதை அறிந்த படிப்பாளி அறிந்திருக்கிறான். மூலத்தைத் தழுவி எழுதுவதன் பயன் இத்தகைய இடங்களிலேதான் விளங்குகிறது.

மூலமும் மாற்றமும்

அலெக்சாண்டரின் முதன்மை ஊற்று 'மாபினோகி' எனப்படும் இடைக்கால வேல்ஸ் உரைநடைக் கதைகள். பதினான்காம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற வெள்ளை நூல், செந்நூல் என்னும் இரு ஏட்டுத் தொகுதிகளில் இவை காக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் பிறந்து, மணத்தால் வேல்ஸ் நாட்டில் வாழவந்து, அம்மொழியைக் கற்றுத் தேர்ந்த சார்லட் கெஸ்ட் சீமாட்டி 1838 முதல் 1849 வரையில் இவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் பின்னரே வெளியுலகம் இக்கதைகளை அறிந்தது. தம் நூல் இக்கதைகளின் மறுகூற்று அன்று என்றும், தாம் படைத்த நாடு முற்றிலும் வேல்ஸ் நாடும் அன்று என்றும் அலெக்சாண்டர் முதல் நூலின் முகப்பிலேயே தெரிவித்துவிடுகிறார். எனவே மூலத்திலிருந்து மாறினார் என்பது குற்றமாகாது. மாற்றத்தால் கதை வளம் பெற்றதா, வறுமை எய்திற்றா என்பதே நாம் காணவேண்டுவது.

அரௌன் என்னும் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். மாபினோகியின் முதற்கிளையில் அவன் ஆனூன் நாட்டு அரசன், சிறந்த பண்பாளன். பிறர் வேட்டையாடிய மானைத் தன் நாய்களுக்கு இரையாக்கிய புவில் என்னும் சிற்றரசன் அவனிடம் பிழைபடுகிறான். அப்பிழைக்கு ஈடாக இருவரும் ஓராண்டு உருமாறி ஒருவர் நாட்டை மற்றவர் ஆள்கின்றனர். அந்த ஓராண்டும் புவில், அரௌனின் மனைவியோடு ஒரே கட்டிலில் துயின்றும் அவளைத் தீண்டாது நோன்பு காக்கிறான். திரும்பி வந்த அரௌன் அதனை அறிந்து நெகிழ, இருவரும் உயிர் நண்பராகின்றனர். மறு உலகமும் மண்ணுலகமும் நம்பிக்கையால் பிணைக்கப்பட்ட அருமையான கதை இது. அலெக்சாண்டரின் கையிலோ அரௌன் சாவின் தலைவனாகிவிடுகிறான். ஐந்து நூல்களிலும் அவன் தீமையின் உருவம். தீமை என்பதன்றி வேறு தன்மை அவனிடம் இல்லை. இறுதி நூல்வரை அவன் நேரில் வருவதே அரிது. வந்தவுடன் பாம்புருக் கொண்டு வாளுக்கு இரையாகிறான்.

பிரிடேரியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நான்காம் கிளையில் குவிதியன் என்பவன் பாணன் வேடம் பூண்டு பிரிடேரியின் அவைக்குச் செல்கிறான். மாயத்தால் படைத்த குதிரைகளையும் வேட்டை நாய்களையும் கொடுத்துப் பன்றிகளைக் கவர்கிறான்; பின்னர் மாயத்தின் துணைகொண்டே பிரிடேரியைத் தனிப்போரில் கொல்கிறான். ஏமாற்றியவன் குவிதியன், ஏமாந்து மடிந்தவன் பிரிடேரி. அதுமட்டுமன்று, தம்பியின் தீய வேட்கைக்குத் துணைநின்ற குற்றத்துக்காக, தாய்மாமனாகிய மாத் அரசனால் மூன்றாண்டுகள் விலங்குருக் கொள்ளுமாறு ஒறுக்கப்பட்டவனும் இக்குவிதியனே. அலெக்சாண்டரோ இவ்விருவரையும் தலைகீழாக்கிவிட்டார். குவிதியன் களங்கமற்ற பெருவீரனாகிறான். பிரிடேரி இறுதிப் போரில் பகைவனோடு சேர்ந்த துரோகியாகிறான்.

இளையோர்க்கு எழுதும்போது நன்மையும் தீமையும் தெளிவாக வேறுபட்டிருத்தல் வேண்டும் எனச் சிலர் இதற்கு அமைதி கூறலாம். அதனை நான் ஏற்கவில்லை. நல்லவனும் சூழ்ச்சி செய்வான், சூழ்ச்சிக்காரனும் துன்புறுவான் என்பதைப் பன்னிரண்டு அகவைச் சிறுவன் விளையாட்டுத் திடலிலேயே கற்றுவிடுகிறான். இதே நான்காம் கிளையை எடுத்துக்கொண்டு, 1967-இல் 'ஆந்தைத் தட்டுகள்' பற்றிய புதினம் எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஆலன் கார்னர், பழங்கதையின் கசப்பை இளையோர்க்காகக் குறைக்கவில்லை. வேல்ஸ் பள்ளத்தாக்கில் விடுமுறைக்கு வந்த ஆங்கிலக் குடும்பத்துக்கும், அவ்வீட்டில் பணிசெய்யும் வேல்ஸ் பெண்ணின் மகனுக்கும் இடையே அக்கசப்பு மீண்டும் முளைப்பதைக் காட்டினார். அதனைப் படித்த இளையோர் எவரும் கெட்டுவிடவில்லை. தொன்மத்தின் ஆழத்தை அளவிடுவதில் கார்னரை அலெக்சாண்டர் எட்டவில்லை என்றே சொல்லவேண்டும்.

கொப்பரை

ஆயினும் ஓரிடத்தில் அலெக்சாண்டர் மூலத்தோடு நேர்நின்று ஈடுகொடுக்கிறார். அது கொப்பரையின் கதை.

மாபினோகியின் இரண்டாம் கிளையில், அயர்லாந்து அரசனுக்குத் தன் தங்கை பிரான்வென்னை மணம் செய்துகொடுக்கிறான் பிரான் என்னும் பேருருவ அரசன். தன்னைக் கேளாமல் மணம் பேசினர் எனச் சினந்த எவ்நிசியென் என்னும் உறவினன் மணமகனின் குதிரைகளைச் சிதைத்துவிடுகிறான். அந்த அவமதிப்புக்கு ஈடாகப் பிரான் கொடுத்த பரிசே மறுபிறப்புக் கொப்பரை. மாண்ட வீரனை அதில் இட்டால் மறுநாள் எழுந்து போர்புரிவான். ஆனால் அவனால் பேச இயலாது. அமைதிக்காகக் கொடுத்த பரிசு பின்னர் மூண்ட போரில் பகைவர்க்கே படை பெருக்கிக் கொடுக்கிறது. தான் மூட்டிய தீயின் அளவைக் கண்டு நெஞ்சுடைந்த எவ்நிசியென், பகைவரின் பிணங்களுக்கிடையே பிணம்போல் கிடந்து, கொப்பரைக்குள் எறியப்பட்டு, உடலை நீட்டி நிமிர்த்து அதனை நான்கு துண்டாகப் பிளக்கிறான். அவன் நெஞ்சும் உடன் பிளக்கிறது. பிரானின் படையில் உயிரோடு நாடு திரும்பியோர் எழுவரே.

அலெக்சாண்டரின் இரண்டாம் நூலில் இக்கொப்பரை அரௌனின் கருவி. அதிலிருந்து எழும் ஊமைப் படையினர்க்கு நினைவுமில்லை, சாவுமில்லை. அதனை அழிக்கப் புறப்பட்ட கூட்டத்தில் எலிடிர் என்னும் இளவரசன் இருக்கிறான். வறிய அரசின் கடைசி மகன். குலப்பெருமையைத் தவிர வேறு உடைமை இல்லாதவன். தாரனைப் பன்றிக்காரப் பயல் என இகழ்வதில் இன்பம் காண்பவன். உயிரோடு ஒருவன் தன் விருப்பத்தால், திரும்பி வரமாட்டோம் எனத் தெரிந்தே உள்ளே புகுந்தால்தான் கொப்பரை உடையும் என்பது விதி. அத்தனை பேரையும் காட்டிக்கொடுக்க இருந்த எலிடிரே இறுதியில் அதில் பாய்கிறான்.

எவ்நிசியென் செய்ததையே எலிடிரும் செய்கிறான் எனினும், இரண்டிடத்தும் பொருள் ஒன்றன்று. மூலத்தில் தியாகம் காலங்கடந்து வருகிறது. அது எவரையும் காக்கவில்லை. புதுநூலிலோ உரிய காலத்தில் வந்து அனைவரையும் காக்கிறது. இதனால் மூலத்தின் கொடுந்துயர் குறைந்தது உண்மை. ஆனால் ஈடாக அலெக்சாண்டர் ஒன்றைச் சேர்த்துள்ளார். கொப்பரையைப் பெறுவதற்காகத் தாரனும் ஒரு விலை கொடுக்கிறான். போரில் மாண்ட அடாவன் என்னும் பாணர் அவனுக்கு விட்டுச்சென்ற கழுத்தணி, வருவதை உணர்த்தும் ஆற்றல் தருவது. அதனை அணிந்த நாள்களில்தான் அவன் முதன்முறையாக மதிக்கத்தக்கவனாக நடந்திருந்தான். அதனையே மோர்வாச் சதுப்பில் வாழும் மூன்று மூதாட்டியர்க்குக் கொடுத்துக் கொப்பரையை வாங்குகிறான். கொடுத்தபின் அவன் மீண்டும் பழைய தாரனே. அறிவு அணியோடு போய்விட்டது. எலிடிர் உயிரைக் கொடுத்தான்; தாரன் தான் ஆகியிருக்கக்கூடிய ஒருவனைக் கொடுத்தான். இரண்டில் எது பெரிது என்று வகுப்பில் கேட்டால் மாணவர் இரு கட்சியாகப் பிரிவர். ஆசிரியர் தீர்ப்புக் கூறாதிருத்தல் நன்று.

1985-இல் டிஸ்னி நிறுவனம் முதலிரு நூல்களையும் இணைத்து எடுத்த உயிரோவியப் படத்தில், எலிடிரே இல்லை. கர்கி என்னும் வேடிக்கைப் பாத்திரம் கொப்பரையில் பாய்ந்து, சற்று நேரத்தில் உயிர்பெற்றும் வந்துவிடுகிறது. கொடுத்த விலையைத் திருப்பிப் பெற்றுக்கொண்டால் அது விலையாகுமா? படம் வணிகத்தில் தோற்றதற்குக் காரணங்கள் பல இருக்கலாம்; கதையில் தோற்றதற்கு இதுவொன்றே போதும்.

பாணனைப் பற்றியும் ஒரு சொல். யாழ் ஏந்தித் திரியும் ஃபிளெவ்துர், அரசைத் துறந்து பாணனாக விரும்பி, பாணர் அவையின் தேர்வில் தோற்றவன். உண்மைக்கு மாறாக அவன் மிகைபடப் பேசும்போதெல்லாம் யாழ் நரம்பு அறுந்துவிழும். கைலாசபதி அவர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க, கெல்டிய வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டதை அறிந்த நம் மாணவர்க்கு, புரவலனின் புகழை மிகுத்துப் பாடும் பாணன் புதியவன் அல்லன். மிகைபாடுதலையே தொழிலாகக் கொண்டவனின் கையில் மிகை பொறாத யாழைக் கொடுத்த நகைச்சுவை நுட்பமானது. ஐந்தாம் நூலில், பனிமலையில் தோழர் விறைத்துச் சாகும் நிலையில் அந்த யாழையே முறித்து அவன் தீ மூட்டுகிறான். இரவெல்லாம் அது எரிகிறது, எரியும்போதும் இசைக்கிறது. நான்கு நூல்களாகச் சிரிக்கவைத்த ஒரு பொருளைக் கொண்டு ஒரே பக்கத்தில் கலங்கவைத்தல் எளிய செயலன்று.

எய்லான்வி என்னும் அரசகுமாரியின் படைப்பில் இத்தகைய நிறைவு இல்லை. முதல் நூலில் தாரனைச் சிறையிலிருந்து மீட்பவள் அவளே; அறிவும் நாவன்மையும் மிக்கவள். மூன்றாம் நூலிலோ அவள் கவர்ந்து செல்லப்பட்டு, மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டு, மீட்கப்படவேண்டிய பொருளாகிவிடுகிறாள். இறுதியில் தாரனோடு வாழ்வதற்காகப் பிறப்புரிமையாகிய மாய ஆற்றலையும் விட்டுக்கொடுக்கிறாள். விட்டுக்கொடுத்தல் அவள் பங்காகவே அமைந்துவிட்டதை ஆசிரியர் ஒரு குறையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடியைத் தேடி

தொடரின் உயிர்நிலை நான்காம் நூல். இதில் மாபினோகிக்குக் கடன்பட்டது மிகக் குறைவு. அரௌன் இல்லை, போரும் இல்லை. எய்லான்வியை மணக்க விரும்பும் தாரன், தான் உயர்குடிப் பிறந்தவனாய் இருத்தல் கூடும் என்ற ஆசையோடு பெற்றோரைத் தேடிப் புறப்படுகிறான். அவ்வளவே கதை.

மலைச்சரிவில், பாழடைந்த குடிலில் வாழும் கிராடோக் என்னும் காலூனமுற்ற இடையன், தாரனே தன் மகன் என்கிறான். தாரன் நம்புகிறான், அங்கேயே தங்கி ஆடு மேய்க்கிறான், வேலி கட்டுகிறான். ஆனால் உள்ளுக்குள் நாணுகிறான். கனிவோடு நடத்தும் அம்முதியவனைத் தன் கனவைக் கொன்றவனாக வெறுக்கிறான். கடுங்குளிர்காலத்தில் கிராடோக் மலைப்பிளவில் விழுந்து கிடக்க, விட்டுச்சென்றால் விடுதலை என்ற எண்ணம் தாரனுக்குள் மின்னுகிறது. மறுகணமே அவ்வெண்ணத்துக்குத் தானே நடுங்கி உள்ளே இறங்குகிறான். சாகும் தறுவாயில் கிராடோக், தாரன் தன் மகன் அல்லன் என்கிறான். தன் குழந்தை எப்போதோ இறந்துவிட்டது. துணையின்மையால் பொய் சொன்னேன் என்கிறான். இடையன் மகன் அல்ல என்ற செய்தி தாரனுக்கு மகிழ்ச்சி தரவேண்டியது. தரவில்லை. அவனை வாட்டுவது பிறப்பன்று. பிளவின் விளிம்பில் நின்ற அந்த ஒரு கணம். இளையோர் நூல்களில் கதைத்தலைவனை இவ்வளவு இழிந்த எண்ணத்தில் நிறுத்தி, அதன் பின்னும் அவனை விட்டு நாம் விலகாதபடி எழுதிய பக்கங்களை நான் அதிகம் கண்டதில்லை. அரௌனின் தீமையை ஐந்து நூல்களில் காட்ட இயலாத ஆசிரியர், தாரனின் தீமையை ஒரு கணத்தில் காட்டிவிட்டார்.

அதன் பின்னர் அவன் அரசரற்ற உழவூர்களுக்குச் செல்கிறான். கொல்லனிடம் வாள் அடிக்கவும், நெய்வோளிடம் மேலாடை நெய்யவும், அன்லா என்னும் குயவரிடம் கலம் வனையவும் கற்கிறான். இத்தொடரின் முதல் நூல் எங்கே தொடங்கிற்று என்பதை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். கொல்லுலையில் வாள் செய்ய வேண்டும் எனத் தாரன் அடம்பிடிக்க, கோல் குதிரை லாடம் செய்யச் சொல்லுகிறார். அன்று மறுக்கப்பட்ட வாளை இன்று தன் கையால் அடிக்கிறான். அழகற்றது, ஆயினும் உறுதியானது. ஆனால் அதற்குள் வாளின்மேல் இருந்த ஆசை போய்விட்டது. அவன் உள்ளம் முழுதும் விரும்பியது குயத்தொழிலை. களிமண் சக்கரத்தில் எழும்போது அவன் அடைந்த களிப்பு வேறெதிலும் அடையாதது. ஆனால் அத்தொழிலுக்குரிய கைவரம் மட்டும் அவனுக்கு இல்லை. எத்தனை உழைத்தாலும் வாராது என்பதை அவனே உணர்ந்துகொள்கிறான்.

முயன்றால் முடியாதது இல்லை என்று மேடைதோறும் மாணவர்க்கு முழங்கும் நாம், இவ்விடத்தைப் படிக்கும்போது சற்றே அமைதியிழப்போம். அலெக்சாண்டர் இளையோர்க்குப் பொய் சொல்லவில்லை. விரும்பியது கிட்டாத பின்னும் ஒருவன் தன்னை மதிக்கக் கற்க இயலுமா என்பதே அவர் எழுப்பும் வினா. தாரன் தேடிவந்த மந்திரக் கண்ணாடி குகையில் தேங்கிய சிறிதளவு நீரே. அதில் அவன் கண்டது பெற்றோரின் முகத்தை அன்று, தன் முகத்தை.

இவ்வளவு உயர எழுந்த கதை ஐந்தாம் நூலில் முடிசூட்டலில் முடிவது பொருந்துமா? பிறப்பால் பெருமையில்லை எனக் கற்றவனுக்கு, பண்டே எழுதிவைத்த ஏட்டின்படி பேரரசன் பட்டம் சூட்டுவது, முன்வாயிலில் துரத்திய ஊழைப் பின்வாயிலில் அழைத்துக்கொள்வதாகும் எனச் சிலர் கருதலாம். இக்குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. ஏட்டின் குறிக்கு இடந்தராமல் உழவூர் மக்களே அவனைத் தேர்ந்திருந்தால் கதை இன்னும் நேர்மையாய் இருந்திருக்கும். மறுபாதிக்கு ஆசிரியரிடம் விடை இருக்கிறது. தாரனின் பெற்றோர் யாரென்பது இறுதிவரை தெரிவதே இல்லை. போர்க்களத்தில் பிணங்களுக்கிடையே கிடந்த குழந்தையைத் தால்பென் எடுத்துவந்தார். மாண்டோருள் அரசனும் இருந்திருக்கலாம், உழவனும் இருந்திருக்கலாம். மறைந்திருந்த அரசகுலம் வெளிப்படும் வழக்கமான முடிவை அலெக்சாண்டர் அடியோடு மறுத்துவிட்டார்.

முடிக்கு முன்னே நிகழும் தெரிவையும் நோக்குதல் வேண்டும். போர் முடிந்தபின், மூப்பும் சாவும் இல்லாத கோடை நாட்டுக்குக் கப்பல்கள் புறப்படுகின்றன. தாரனுக்கும் அதில் இடம் உண்டு, எய்லான்வியும் உடன்வருவாள். இரவெல்லாம் உறங்காது எண்ணிய அவன், காலையில் வரவில்லை என்கிறான். காரணமாக அவன் கூறுவது கொள்கை எதுவுமன்று. முடிக்கப்படாத வேலைகளின் பட்டியல். போரில் மாண்ட இளவரசன் ரூன், மோனாத் தீவின் துறைமுகத்தில் கட்டத் தொடங்கிய கடற்சுவர் பாதியில் நிற்கிறது. மெரின் என்னும் உழவூர் அழிந்து கிடக்கிறது. செந்தரிசு நிலம் விளைச்சலின்றிப் பாழாய் இருக்கிறது. அப்போரிலேயே மாண்ட கோலின் தோட்டத்தில் காய்கறி நட ஆளில்லை. அச்சமயத்தில் தனக்கு முடி காத்திருப்பது அவனுக்குத் தெரியாது.